ஒரே 31, இரண்டு விடைத்தாள்கள்

2022 டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து, பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஒரே பக்கத்தில் இரண்டு இடங்களில் 31 என்று சிவப்பு மையில் எழுதினேன். ஒன்று ஒரு மாணவனுடையது, மற்றொன்று ஒரு மாணவியுடையது. டெல்டாப் பகுதியில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி அது. அந்த வகுப்பில் 38 பிள்ளைகள். தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்பதால் இருவர் பெயரும் மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்ந்தன. இருவரும் மாலைச் சிறப்பு வகுப்புக்கு வந்தார்கள். இருவர் கையிலும் ஒரே குறைந்தபட்சக் கற்றல் கையேட்டைக் கொடுத்தோம்.

சிறப்பு வகுப்பில் நாங்கள் முதலில் எடுப்பது வடிவியலும் வரைபடமும்தான். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10 போக, கடைசியில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண் இருக்கிறது. அந்த 16 கைக்கு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்பது கணக்கு ஆசிரியர்கள் எல்லோரும் நம்புவது, நானும் நம்பினேன். மூன்றாம் நாள், வட்டத்துக்குத் தொடுகோடு வரையச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "டீச்சர், இதை நான் பரீட்சையிலேயே சரியாத்தானே போட்டிருந்தேன்?"

அன்று மாலை அவளுடைய விடைத்தாளையும் அந்த மாணவனின் விடைத்தாளையும் கட்டிலிருந்து உருவி எடுத்து, மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திருத்தியது நான்தான். ஆனால் திருத்தும்போது கண் பார்த்ததை மனம் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மாணவி வடிவியலில் 8, வரைபடத்தில் 8, ஒரு மதிப்பெண்ணில் 9, இரண்டு மதிப்பெண் வினாக்கள் மூன்றில் 6 வாங்கியிருந்தாள். ஐந்து மதிப்பெண் பகுதியில் ஒரு வரிகூட எழுதவில்லை. மாணவனோ ஒரு மதிப்பெண்ணில் 6, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்தைத் தொட்டு, விடை முடியாவிட்டாலும் சரியாகச் செய்த படிநிலைகளுக்காக 15 வாங்கியிருந்தான். வடிவியலும் வரைபடமும் அவன் தாளில் வெற்றுப் பக்கங்கள். கூட்டினால் அங்கும் 31, இங்கும் 31.

மறுநாள் அவனை அழைத்துக் கேட்டேன். அவனுடைய கணித உபகரணப் பெட்டியில் இருந்த கவராயத்தின் திருகு காணாமல் போய்விட்டதாம். தேர்வு அறையில் பக்கத்துப் பையனிடம் கேட்கக் கூடாதே என்று வடிவியலை அப்படியே விட்டுவிட்டானாம். வரைபடத்துக்கான காரணத்தை அவன் சொல்லவில்லை, வருகைப் பதிவேடு சொன்னது. அம்மை போட்டு நவம்பரில் மூன்று வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான் வரைபடம் நடத்தியது அந்த மூன்று வாரத்தில். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு கவராயமும் நான்கைந்து மாலை நேரங்களும் மட்டுமே. மெல்லக் கற்போர் என்ற பெயருக்கும் அவனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மாணவியின் நிலை வேறு. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து x²+5x+6 என்பதைக் காரணிப்படுத்தச் சொன்னேன். சற்றும் யோசிக்காமல் (x+5)(x+6) என்று எழுதினாள். 3x−(x−4) எவ்வளவு என்று கேட்டேன், 2x−4 என்றாள். இவை பத்தாம் வகுப்புப் பிழைகளே அல்ல. அவள் எட்டாம் வகுப்பில் இருந்தது 2020-21-இல். கொரோனாவால் அந்த ஆண்டு முழுவதும் எட்டாம் வகுப்புக்குப் பள்ளி திறக்கவே இல்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது உண்மைதான். ஆனால் ஒரு வீட்டில் ஒரு தொலைக்காட்சியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் யார் எதைப் பார்த்திருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். காரணிப்படுத்தலும், அடைப்புக்குறிக்கு முன் வரும் கழித்தல் குறியும் அவளுக்கு யாரும் சொல்லித்தராமலே கடந்து போயிருந்தன. இயற்கணிதம் தெரியாதபோது ஐந்து மதிப்பெண் வினாவில் பேனா எப்படி நகரும்? அந்தப் பெண்ணைத்தான் நாங்கள் ஏற்கெனவே தெரிந்த தொடுகோட்டைத் திரும்பத் திரும்ப வரையவைத்துக்கொண்டிருந்தோம்.

பதினாறு ஆண்டுகளாகக் கணக்கு நடத்தும் பட்டதாரி ஆசிரியை நான். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து மாணவரைப் பிரிப்பதும், பிரித்த பின் எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதும் எவ்வளவு பெரிய தவறு என்று எனக்கு உறைக்க இந்த இரண்டு 31-கள் தேவைப்பட்டன. அதன்பின் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். பெரிய கட்டம் போட்ட தாளில் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக இடப்பக்கம் எழுதி, வினா எண்களை மேலே எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வினாவுக்கு வாங்கிய மதிப்பெண்ணை இடுகிறேன். எழுதாமல் விட்டதற்குக் கோடு, எழுதித் தவறியதற்குச் சுழியம். இந்த வேறுபாடு மிக முக்கியம். பதிவேட்டில் இரண்டும் ஒன்றாகிவிடும், ஆனால் விட்டவனும் தவறியவனும் ஒருவனல்ல. 38 பேருக்கு இதைப் போட எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. திருத்தும்போதே போட்டுக்கொண்டு போனால் அந்த நேரமும் பாதியாகக் குறைகிறது.

இந்தத் தாளைக் குறுக்காகப் படித்தால் பிள்ளை தெரிகிறது, மேலிருந்து கீழாகப் படித்தால் நான் தெரிகிறேன். அடுத்து வந்த முதல் திருப்புதல் தேர்வில் முக்கோணவியல் வினா ஒன்று கேட்டிருந்தேன்: 50√3 மீட்டர் உயரமுள்ள பாறையின் உச்சியிலிருந்து தரையில் நிற்கும் காரைப் பார்க்கும்போது இறக்கக்கோணம் 30°, பாறைக்கும் காருக்கும் உள்ள தூரம் என்ன? விடை 150 மீட்டர். அந்த வினாவின் கீழ் என் தாளில் சுழியமும் ஒன்றுமாக நிறைந்திருந்தன. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் அந்த நெடுவரிசையில் சறுக்கியிருந்தார்கள். விடைத்தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானோர் 50 மீட்டர் என்று எழுதியிருந்ததைக் கண்டேன். எல்லோரும் ஒரே தவறான விடைக்கு வந்து சேர்ந்திருந்தால் அது கவனக்குறைவாக இருக்க முடியாது.

படத்தைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. இறக்கக்கோணத்தைக் கிடைமட்டக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளக்க வேண்டும். பிள்ளைகளோ பாறையின் சுவரிலிருந்து அளந்து, உச்சியில் முக்கோணத்துக்கு உள்ளேயே 30° என்று குறித்திருந்தார்கள். அப்படிக் குறித்தால் tan 30° என்பது தூரத்தை உயரத்தால் வகுத்தது என்றாகி, 50 தான் வரும். அவர்களுடைய கணக்கீட்டில் ஒரு பிழையும் இல்லை. சூத்திரமும் சரி, √3-ஐச் சுருக்கியதும் சரி. எங்கே பிசகியது என்று யோசித்தபோது, இந்தப் பாடம் முழுவதும் கரும்பலகையில் படத்தை நானே வரைந்துவிட்டு, "இப்போது தூரத்தைக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. வாக்கியத்தைப் படித்துப் படமாக மாற்றும் வேலையை ஒரு நாளும் நான் அவர்களிடம் கொடுக்கவில்லை. அந்த நெடுவரிசையில் விழுந்த சுழியங்களில் பாதி என்னுடையவை. அடுத்த இரண்டு வகுப்புகளில் கணக்கே போடவில்லை. பத்து வினாக்களைப் படித்துக் காட்டி, படம் மட்டும் வரையச் சொன்னேன். பள்ளி மாடியின் கைப்பிடிச் சுவரருகே ஒவ்வொருவரையும் நிறுத்தி, முதலில் நேராகப் பார்க்கச் சொல்லி, பிறகு கீழே நிற்கும் மிதிவண்டியைப் பார்க்கச் சொன்னேன். தலை குனிந்த அளவுதான் இறக்கக்கோணம் என்பது அதற்குப் பிறகு யாருக்கும் மறக்கவில்லை.

ஒரு மதிப்பெண் வினாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவற்றைத்தான் நாங்கள் மிக அதிகமாக நம்புகிறோம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 14 வினாக்களில், வினாவைப் படிக்காமலே கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக மூன்று நான்கு சரியாகிவிடும். ஆகவே 4 வாங்கிய பிள்ளைக்கு நான்கு வினாக்கள் தெரியும் என்று எண்ணுவது தவறு. அவனுக்கு ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். இன்னொரு சிக்கல், புத்தகத்தின் பயிற்சிப் பகுதியில் உள்ள வினாக்களையே நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது. ஒருமுறை அதே வினாக்களை அப்படியே வைத்து, விடைகளின் வரிசையை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அரையாண்டில் 9 வாங்கிய அந்த மாணவி 5 வாங்கினாள். பலருக்கும் இப்படியே இறங்கியது. அவர்கள் மனத்தில் பதிந்திருந்தது விடையல்ல, "இந்தக் கேள்விக்கு இ" என்ற எழுத்து. அன்றிலிருந்து ஒரு மதிப்பெண் வினாவிலும் இரண்டு வரி செய்துகாட்டச் சொல்கிறேன். பொதுத்தேர்வில் அது தேவையில்லை, எனக்குத் தேவை.

என் திருத்தத்தையே ஒருமுறை சோதித்தேன். ஒரு திருப்புதல் தேர்வின் 20 தாள்களை, தாளில் மதிப்பெண் எதுவும் எழுதாமல் தனிப் பட்டியலில் மட்டும் எழுதித் திருத்தி, பட்டியலை அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அதே தாள்களை அதே விடைக்குறிப்பை வைத்துத் திரும்பத் திருத்தினேன். நான்கு தாள்களுக்கு மட்டுமே இரண்டு முறையும் ஒரே மதிப்பெண் வந்தது. பெரும்பாலானவற்றில் இரண்டு மூன்று கூடவோ குறையவோ இருந்தது. ஒன்றில் வேறுபாடு 6. அதைவிட என்னை உலுக்கியது, முதல் முறை தவறிய இருவர் இரண்டாம் முறை தேர்ச்சி பெற்றதுதான். படிநிலைக்கு ஒன்று கொடுப்பதா இரண்டு கொடுப்பதா என்பது, எத்தனையாவது தாள், எத்தனை மணி, முந்தைய தாள் எப்படி இருந்தது என்பதையெல்லாம் பொறுத்து மாறியிருக்கிறது. ஒரே கை, ஒரே விடைக்குறிப்பு. அப்படியிருந்தும் இவ்வளவு ஆட்டம். இதற்குப் பிறகு 33-க்கும் 36-க்கும் இடையே கோடு போட்டு, ஒருவரை மெல்லக் கற்போர் என்றும் மற்றவரைச் சராசரி என்றும் எழுத எனக்கு மனம் வருவதில்லை. போன தேர்வைவிட மூன்று மதிப்பெண் கூடியதற்காகப் பாராட்டுவதையும், மூன்று குறைந்ததற்காக முகம் சுளிப்பதையும் நிறுத்திவிட்டேன். இப்போது தாள் தாளாகத் திருத்தாமல் வினா வினாவாகத் திருத்துகிறேன்: 38 பேரின் 29-ஆம் வினாவை முடித்துவிட்டு 30-க்குப் போகிறேன். ஆட்டம் முழுவதும் போய்விடவில்லை, கணிசமாகக் குறைந்திருக்கிறது.

தேர்வுகளை ஒப்பிடுவதிலும் நாங்கள் நெடுங்காலம் தவறியிருக்கிறோம். காலாண்டுத் தேர்வுக்குப் பாடப்பகுதி குறைவு, அரையாண்டுக்கு அதிகம். காலாண்டில் 52 வாங்கிய பிள்ளை அரையாண்டில் 45 வாங்கினால், உடனே பெற்றோரை வரச்சொல்லி, படிப்பில் பின்தங்கிவிட்டான் என்று சொல்லிவிடுவோம். அதே காலத்தில் வகுப்பின் சராசரியே பத்துக்கும் மேல் இறங்கியிருந்தால், அவன் உண்மையில் முன்னேறியிருக்கிறான். வீட்டில் அடிவாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்துப் பயன் என்ன?

என்னை மிகவும் வருத்திய அனுபவம் இதற்கு முன்பே, 2020-இல் நடந்தது. அரையாண்டுத் தேர்வைக் கையை இறுக்கித் திருத்த வேண்டும், அப்போதுதான் பிள்ளைகள் பயந்துபோய் பொதுத்தேர்வுக்குப் படிப்பார்கள் என்பது ஆசிரியர் அறைகளில் வழிவழியாக வரும் எண்ணம். 2019 டிசம்பரில் நானும் அப்படித்தான் திருத்தினேன். படிநிலைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை. அலகு எழுதாததற்குக்கூடக் குறைத்தேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் மாதத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகி, எல்லோரும் தேர்ச்சி என்றும், காலாண்டு அரையாண்டு மதிப்பெண்களிலிருந்து 80 விழுக்காடும் வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் எடுத்து மதிப்பெண் வழங்கப்படும் என்றும் அரசு அறிவித்தது. பயமுறுத்துவதற்காக நான் போட்ட எண்கள் சான்றிதழில் ஏறின. பாலிடெக்னிக் சேர்க்கைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் அடிப்படை. நியாயமாகத் திருத்தியிருந்தால் 70-ஐ ஒட்டி வாங்கியிருக்க வேண்டிய ஒரு மாணவனுக்கு நான் 58 போட்டிருந்தேன். அவன் விரும்பிய பிரிவு அவனுக்குக் கிடைக்கவில்லை. என் இறுக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, அது காரணமே இல்லை என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. ஒரு மதிப்பெண் எதற்காகப் போடப்பட்டது என்பது அந்த எண்ணில் எழுதப்பட்டிருப்பதில்லை. அதை எடுத்துப் பயன்படுத்துபவர் அப்படியே உண்மை என்றுதான் எடுத்துக்கொள்வார். அதன்பிறகு எந்தத் தேர்வுத் தாளிலும் பிள்ளை எழுதியதற்கு மட்டுமே மதிப்பெண் போடுகிறேன். எச்சரிக்க வேண்டுமானால் வாயால் எச்சரிக்கிறேன்.

மீளாய்வுக் கூட்டங்களைப் பற்றியும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். அங்கே கேட்கப்படுவது தேர்ச்சி விழுக்காடு. அது தவறான கேள்வி அன்று. தவறும் பிள்ளைக்கு நாங்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், ஆசிரியரின் கவனம் முழுவதும் 25-க்கும் 35-க்கும் இடையில் நிற்கும் பிள்ளைகள் மீது குவிந்துவிடுகிறது. 8 வாங்கும் பிள்ளை இந்த ஆண்டு 35-ஐத் தொட மாட்டான் என்று மனத்துக்குள் ஒதுக்கப்படுகிறான். 65 வாங்கும் பிள்ளை எப்படியும் தேறிவிடுவாள் என்று விடப்படுகிறாள். இரண்டு ஆண்டுகள் நானும் இப்படித்தான் செய்தேன். 65 வாங்கிய அந்தப் பெண் 85 வாங்கியிருக்கக்கூடியவள் என்பதை எந்தப் பட்டியலும் என்னிடம் கேட்கவில்லை. நானாகக் கேட்டிருக்க வேண்டும்.

பிள்ளைகளை இப்போதும் பிரிக்கிறேன், பிழையை வைத்து. கழித்தல் குறியில் தடுமாறுகிறவர்கள் ஒரு குழு, படம் வரையத் தெரியாதவர்கள் ஒரு குழு, எல்லாம் தெரிந்தும் நேரம் போதாதவர்கள் ஒரு குழு. இதில் 70 வாங்கியவனும் 20 வாங்கியவனும் ஒரே குழுவில் உட்காருவது உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழுக்களைக் கலைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் குழுவின் பெயர் பிள்ளையின் பெயராகிவிடும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக அமர்த்துவதைப் பக்கத்துப் பள்ளியில் பார்த்தபோதுதான், உயர்நிலைப் பள்ளியிலும் வேறு வகையில் இதைச் செய்யலாம் என்ற துணிவு வந்தது.

பெற்றோரிடம் பேசும் முறையும் மாறியது. 2017-இலேயே பொதுத்தேர்வு முடிவுகளில் மாநிலத் தரவரிசை அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் எங்கள் ஊரில் முன்னேற்ற அட்டைக்கு இன்றும் ரேங்க் கார்டு என்றுதான் பெயர், முதல் கேள்வியும் எத்தனையாவது ரேங்க் என்பதுதான். இப்போது அட்டையை நீட்டுவதற்கு முன் விடைத்தாளைப் பிரித்துக் காட்டுகிறேன். அந்த மாணவனின் அம்மாவிடம் வெற்றுப் பக்கங்களைக் காட்டியபோது, "இதுக்கு ஒரு காம்பஸ்தானே வேணும் டீச்சர், என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாங்கிக் கொடுத்திருப்பேனே" என்று கலங்கினார். மறுநாள் புதுப் பெட்டியோடு வந்தான். ஜனவரி இறுதியில் நடந்த தேர்வில் அவனுக்கு 46.

மாணவியோடு தினமும் கால் மணி நேரம், எட்டாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூட்டினால் 5, பெருக்கினால் 6 வரும் இரண்டு எண்கள் எவை என்பதிலிருந்து தொடங்கினோம். பிப்ரவரியில் நடந்த இரண்டாம் திருப்புதல் தேர்வில் அவளுக்கு 29. தலைமையாசிரியர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, முப்பத்தொண்ணுல இருந்து எறங்கியிருக்கு?" என்றார். நான் விடைத்தாளை எடுத்துவந்து அவர் முன் விரித்தேன். ஐந்து மதிப்பெண் பகுதியில் மூன்று வினாக்களை எழுதி 10 வாங்கியிருந்தாள். காரணிப்படுத்தல் முழுவதும் சரி. அதற்கு நேரம் போனதால் தொடுகோடு அரைகுறையாகி 5-ஆயிற்று, வரைபடத்தாளைத் தொடவே இல்லை. அவர் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே "நேரப் பயிற்சி" என்று எழுதினார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வரைபடத்தை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றுக்கு வரும்படி கடிகாரம் வைத்துப் பழக்கினேன்.

2023 ஏப்ரலில் பொதுத்தேர்வு நடந்தது. அவளுக்கு 48 வந்தது. பொதுத்தேர்வு விடைத்தாள் எங்கள் கைக்கு வருவதில்லை. வருவது எண் மட்டும். சான்றிதழ் வாங்க வந்தவளிடம், எந்தெந்த வினாக்களை எழுதினாய் என்று கேட்டேன். வினாத்தாளை இன்னும் பத்திரமாக வைத்திருந்தாள். எடுத்துவந்து, எழுதியவற்றின் மேல் பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்துக் காட்டினாள். முதல் குறி வரைபடத்தின் மேல் விழுந்தது.